கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்தல விசாரணை

1. இரண்டு பஸ்

கிராம நிர்வாக அலுவலராக, அதாவது வி.ஏ.ஓ.வாக, இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பட்டா மாறுதல், சாதிச் சான்று, அடங்கல், தேர்தல் என்று எல்லா வி.ஏ.ஓ.வும் பார்க்கும் வேலைதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர் வீடு தேடி வந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல பெரிய சிக்கல் எது?" என்று கேட்பார்கள். மணல் லாரி, வரப்புத் தகராறு என்று ஏதாவது சொல்வேன் என்று நோட்டை விரித்து வைத்திருப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வீட்டுக்கு நான் சேத மதிப்பீடு செய்ததைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் நம்பிவிட்டு, எந்த ரூல்படி செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இலங்கையில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஊர்ப் பெயர் வேண்டாம்; கடத்தூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மாதம். மரவள்ளிக் காட்டில் நின்று, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அடங்கல் எழுதிக்கொண்டிருந்தேன். தாலுகா ஆபீஸிலிருந்து துணை வட்டாட்சியர் போன் செய்தார். டெபுடி சார் என்போம் அவரை.

"மேடம், ராமேஸ்வரத்துல இருந்து ரெண்டு பஸ் கெளம்பிடுச்சு. சாயந்திரம் உங்க ஊருக்கு வந்துடும்."

"பஸ்ல யாருங்க சார்?"

"அகதிங்க. முகாம்ல எடம் இல்லியாம். உங்க ஊர்ல தற்காலிகமா எறக்கச் சொல்லி ஆர்டர்."

"தற்காலிகம்னா எத்தனை நாளுங்க சார்?"

"தற்காலிகம்னா தற்காலிகம்தான் மேடம். நீங்க எடத்தப் பாருங்க."

இடம் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை. சமுதாயக் கூடத்தில் மறுநாள் காதுகுத்து; சமையல் பாத்திரமே இறக்கியாகிவிட்டது. மிஞ்சியது ஊர்க் கோடியில் இருந்த புளி குடோன். பெரிய குடோன்தான். ஒரு ஓரத்தில் போன வருடத்துப் புளி கொஞ்சம், மற்றதெல்லாம் காலி. மண்டிக்காரர் கோவிந்தன் நல்ல மனுஷர். கேட்டவுடன் சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் கண்டிஷன் போட்டார்.

"தாராளமா தங்கிக்கட்டுங்க மேடம். ஆனா தை பொறந்தா புதுப் புளி வந்துடும். அதுக்கு மேல ஒரு நாள் கூட ஆகாதுங்க. ஆளும் புளியும் ஒண்ணா கெடந்தா ரெண்டும் கெட்டுடும்."

குடோனைக் குடும்பவாரியாகப் பிரிக்கும் வேலையை எங்கள் கிராம உதவியாளர் மாதையனிடம் விட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர். தரையில் நேர்கோடு போடுவதில் கெட்டிக்காரர். ஆனால் தேர்தலுக்கு மட்டும்தான் போட்டுப் பழக்கம். நான் பாய் வாங்கித் திரும்புவதற்குள் சுண்ணாம்புப் பொடியில் பத்துக்குப் பத்தாக முப்பத்தொரு கட்டம் போட்டுவிட்டு, வாசலில் 'உள்ளே', 'வெளியே' என்று அம்புக்குறியும், 'ஆண்கள் வரிசை', 'பெண்கள் வரிசை' என்று எழுத்தும் போட்டு வைத்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் களைப்பில் எதுவும் கேட்காமல், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் என்று நின்றுவிட்டார்கள். முதலில் நின்ற பெரியவர் என் மேஜைக்கு வந்து, மை வைக்கச் சொல்லி இடது கை விரலை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் விரலை மடக்காமல் காத்திருந்தார்; நானே அதைப் பிடித்து மடக்கிவிட்டேன்.

புளி வாசனையில் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. கடல், படகு, குண்டு என்று அவர்கள் சொன்ன துயரத்தையெல்லாம் நடுநடுவே எச்சில் விழுங்கி விழுங்கித்தான் சொன்னார்கள். நானும் விழுங்கி விழுங்கித்தான் கேட்டேன்.

2. முன்விரோதம்

தாலுகா ஆபீஸ் ஸ்டோர் ரூமில் தார்ப்பாய், மூங்கில், போர்வை, பாத்திரம் எல்லாம் அடுக்கி இருந்தன. தைக்கு முன்னால் ஏரிப் பக்கத்துப் புறம்போக்கில் குடும்பத்துக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. ஆனால் பொருளை வெளியே எடுக்கப் படிவம் வேண்டும். போரில் வீடிழந்தவர்களுக்கான படிவம் மேலிடத்திலிருந்து வர வேண்டும். வரும், எப்போது என்றுதான் யாருக்கும் தெரியாது. டெபுடி சார் பீரோவைக் குடைந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். குடிசை தீப்பிடித்து எரிந்தால் நாங்கள் நிரப்பும் தீ விபத்து நிவாரணப் படிவம்.

"இத வெச்சு ஓட்டுங்க மேடம். எரிஞ்சது எரிஞ்சதுதானே?"

டெபுடி சாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் கிடையாது. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். 'பொருந்தாது' என்று எழுதினாலும் விடமாட்டார். "பொருந்தாதுன்னா எதுக்கு மேடம் கட்டம் போட்டு வெச்சிருக்கான்?" என்பார்.

மறுநாள் காலை குடோன் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். முதல் கட்டமே, எரிந்த வீட்டின் சர்வே எண். போன் போட்டுக் கேட்டேன். "இப்ப இருக்கற எடத்தோட நம்பரப் போடுங்க" என்றார். ஆக, முப்பத்தொரு குடும்பத்தின் வீடும் கோவிந்தனின் புளி குடோனுக்குள் எரிந்ததாக ஆயிற்று. எட்டிப் பார்த்துப் படித்த கோவிந்தனுக்கு முகமே மாறிப் போனது. "மேடம், என் குடோன்ல ஒரு பீடி கூடப் பத்த வெக்க விட்டதில்லீங்களே" என்றார்.

அடுத்து, விபத்துக்கான காரணம். அடுப்பு, மின்கசிவு, முன்விரோதம், மற்றவை என்று நாலு கட்டம். நான் 'மற்றவை'யில் டிக் போட்டு வந்தேன். மத்தியானம் டெபுடி சார் போன் செய்தார்.

"மத்தவைன்னா விளக்கம் எழுதணும் மேடம். அதுக்குப் படிவத்துல எடம் இல்ல. முன்விரோதம்னு போட்டுடுங்க."

"சார், அது போருங்க சார்."

"போர்னா என்ன மேடம்? ரெண்டு தரப்புக்கு முன்விரோதம். அதுல என்ன தப்பு?"

யோசித்துப் பார்த்தால் தப்பு இல்லைதான். எல்லாவற்றிலும் முன்விரோதம் என்று திருத்தினேன். சாயந்திரம் அவரே மறுபடி போன் செய்தார். முன்விரோதம் என்றால் எஃப்.ஐ.ஆர். நகல் இணைக்க வேண்டுமாம். திரும்பவும் அடித்து மற்றவை ஆக்கினேன். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் என் சின்னக் கையெழுத்து.

தீயணைப்பு வண்டி வந்ததா என்று ஒரு கட்டம். அந்தோணி என்று ஒரு மீன்பிடிக்கிறவர், அதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "வண்டி வரேல்லை அம்மா. பிளேன்தான் வந்தது" என்றார். பிளேனுக்குக் கட்டம் இல்லை. வரவில்லை என்று டிக் செய்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "அம்மா, எங்கட வீடு ரெண்டு தரம் எரிஞ்சது. ரெண்டு ஃபாரம் தாங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வீட்டின் நான்கு எல்லை எழுத வேண்டும். கிழக்கே கடல் என்று எழுதினேன். தர்மபுரி மாவட்டத்தில் எந்த வி.ஏ.ஓ.வும் அப்படி எழுதியிருக்க மாட்டார். அக்கம்பக்கத்தார் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவர், வேலி பனைமரத்துக்கு அங்கால என்றார். மற்றவர், இல்லை இங்கால என்றார். வீடும் இல்லை, வேலியும் இல்லை, பனைமரம் நிற்கிறதா என்றே தெரியாது. இரண்டு பேரும் என் மேஜையைத் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடல் தாண்டி வந்தும் வரப்புத் தகராறு என்னை விடவில்லை. கடைசியில், பனைமரம் பொது என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

3. சேதமில்லாத வீடு

முப்பத்தொன்றாவது படிவம் யோகேஸ்வரியுடையது. முப்பது வயது இருக்கும். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். கணவர் சிவநேசன் கூட வரவில்லை.

பெயர், வயது எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். 'சேதத்தின் அளவு: முழுச் சேதம், பகுதிச் சேதம்' என்ற கட்டம் வந்தது. முப்பது படிவத்திலும் முழுச் சேதம் என்றே எழுதிய பழக்கத்தில் கேட்காமலேயே எழுதப் போனேன். அவள் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு நிக்குது அம்மா."

"என்னம்மா சொல்ற?"

"ஒரு சேதமும் இல்லை. நாங்கள் வெளிக்கிடேக்க முழுசா நிண்டது. அவர் வீட்டில நிக்கிறார். மாடு கன்று போட்டு நாலு நாள், விட்டிட்டு வர ஏலாது, நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன் எண்டவர்."

"அவருகிட்ட கடைசியா எப்பப் பேசின?"

"ரெண்டு மாசமாச்சு. அங்க லைன் இல்லை."

அந்தோணி என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மா, அந்தப் பக்கம் ஒண்டும் மிஞ்சேல்லை. அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் டெபுடி சாருக்குப் போன் போட்டேன்.

"வீடு நல்லா இருக்குன்னா தார்ப்பாய் எதுக்கு மேடம்? வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

"சார், வீடு இலங்கைல இருக்குதுங்க சார்."

"எங்க இருந்தா என்ன? சேதம் இல்லைன்னா நிவாரணம் இல்ல. முழுசா, பகுதியா, ஏதாவது ஒண்ணுல டிக் வாங்கிட்டு வாங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார்.

பத்து நாளில் ஏரிப் பக்கத்தில் முப்பது குடிசை எழுந்துவிட்டது. முப்பது குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. குடோனில் முப்பத்தொரு கட்டத்துக்கும் சேர்த்து யோகேஸ்வரியும் இரண்டு குழந்தைகளும் மட்டும் மிஞ்சினார்கள். எங்களோடு வா என்று மற்றவர்கள் கூப்பிடாமல் இல்லை. ஒரு குடும்பக் கார்டுக்கு ஒரு குடிசை, ஒரு தலை கூடினாலும் அதிகாரிகள் ஆள் எண்ணும் செக்கிங்கில் இரண்டு குடும்பத்துக்கும் சிக்கல் என்று டெபுடி சார் சொல்லியிருந்தார். அதனால் அவள் போகவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. குடோன் கூரையில் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு புது இடத்தில் ஒழுகும். குழந்தைகள் ஒழுகாத கட்டமாகப் பார்த்துப் பாயோடு மாறிக்கொண்டே இருந்தார்கள். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. கோவிந்தன் தினமும் வந்து வாசலில் நின்றார். போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மார்கழி பாதி போயிடுச்சுங்க மேடம்" என்று மாதத்தைச் சொல்லிவிட்டுப் போவார். புளி லோடு வந்து இறங்கினால் அந்த மூன்று பேருக்கும் அந்தச் சுண்ணாம்புக் கட்டம் கூடக் கிடையாது.

நான் கோபக்காரி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "ரெண்டு பொண்ணப் பெத்து வெச்சிருக்கற. காய்ச்சல்ல கெடக்குது. ஒரு டிக் போட்டா உனக்கு என்ன கொறைஞ்சு போகுது?"

மாதையன் என்னைவிட நயமாகப் பேசிப் பார்த்தார். "ஏம்மா, பேப்பர்லதானம்மா. வூடு போச்சுன்னு சொல்லிட்டா வூடு போயிடுமா?"

"வீட்டுக்குள்ள அவர் நிக்கிறார் அண்ணை" என்றாள். "வீடு முழுச் சேதம் எண்டு நான் கையெழுத்து வைச்சா, அவருக்கு என்ன ஆச்சுது எண்டு வைக்கிறது?"

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அத்தனை நாள் அவளை வீம்புக்காரி என்று நினைத்திருந்தேன். இருபது நாளாக ஒரு பெண்ணிடம் போய், உன் புருஷன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

4. பாதை

அதற்கு இரண்டு நாள் கழித்து, அடித்த மழையில் அரூர் ரோட்டில் ஒரு சின்னப் பாலம் உடைந்து போயிற்று. பஸ் நின்றுவிட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாதையன் வீடு. வேலை முடிந்தும் போகாமல் என் மேஜையருகே நின்றார்.

"வூட்டுக்குப் போகலீங்களா மாதையன்?"

"வூடு அங்கதான் நிக்குதுங்க மேடம். போறதுக்குப் பாதைதான் இல்லீங்க."

அந்தப் பாலத்துக்கு நான் சேத அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'பாதை முழுச் சேதம்' என்று எழுதிவிட்டு, அப்படியே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு யோகேஸ்வரியின் படிவத்தைக் கீழே இருந்து உருவினேன். சேதத்தின் அளவு என்ற கட்டத்தில் எழுதினேன்: 'வீடு சேதமில்லை. கணவர் வீட்டில் இருக்கிறார். வீட்டுக்குச் செல்லும் பாதை முழுச் சேதம்.'

குடோனுக்குப் போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். "அது உண்மை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

டெபுடி சார் மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தடவை படித்தார்.

"பாதை சேதத்துக்கு தார்ப்பாய் குடுக்கலாம்னு எந்த ரூல்ல இருக்கு மேடம்?"

"குடுக்கக் கூடாதுன்னு எந்த ரூல்லங்க சார் இருக்கு?"

அவர் படிவத்தை மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு கட்டம் கூடக் காலியாக இல்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. "முழுச் சேதம்ங்கற வார்த்தையும் வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போகிக்கு முதல் நாள் முப்பத்தொன்றாவது குடிசை நின்றது. மாதையன்தான் முன்னால் நின்று மூங்கில் நட்டார். மறுநாளே கோவிந்தனுக்குப் புளி லோடு வந்தது.

பாதை என்று எழுதியதன் பலன் பிறகு வந்தது. எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருவர், பாதை என்று கண்டதும் படிவத்தின் நகலைச் சாலை பார்க்கிற ஆபீஸ் ஒன்றுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். சேதமடைந்த பாதையின் நீளம், அகலம் என்ன, தார் ரோடா மண் ரோடா என்று கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நீளம் தெரியாது, பெரும்பகுதி கடல் என்று பதில் எழுதினேன். தண்ணீர் சம்பந்தப்பட்டது என்று அவர்கள் ஏரி, வாய்க்கால் பார்க்கிற ஆபீஸுக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து ஒருவர் கையில் அளக்கும் டேப்போடு பைக்கில் வந்தே விட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாதையன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

5. வீட்டில் இருக்கிற ஆள்

ஆடி மாதம் சிவநேசன் வந்து சேர்ந்தார். சேலம் பஸ்ஸில் வந்து இறங்கி, ராமேஸ்வரம் முகாமில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து ஏரிப் பக்கம் நடந்து வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். சின்னவளுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அழுதுகொண்டே மாதையன் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். யோகேஸ்வரி அழவில்லை. தண்ணீர் சுட வைக்கிறேன், முதலில் குளியுங்கோ என்றாள். நான் அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குடும்பக் கார்டில் அவர் பெயரைச் சேர்க்க டெபுடி சாரிடம் போனேன். அவர் பழைய படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உங்க ரிப்போர்ட்படி இவர் வீட்ல இருக்கார் மேடம்."

"வந்துட்டாருங்க சார். வெளிய நிக்கறாரு பாருங்க."

"வெளிய நிக்கறார். பேப்பர்ல வீட்லதானே நிக்கறார்? நீங்கதானே சர்டிஃபை பண்ணியிருக்கீங்க?"

"சார், அவரு வந்துட்டாருன்னு எழுதித் தர்றேங்க சார்."

"எப்படி வந்தார்? பாதை முழுச் சேதம்னு இருக்கே. வந்துட்டார்னா பாதை சரியாயிடுச்சுன்னு அர்த்தம். வீடும் நல்லா இருக்கு, பாதையும் சரியாயிடுச்சுன்னா குடிசை எதுக்கு மேடம்?"

ஒன்று, அவர் பெயர் கார்டில் ஏறாது. அரிசியும் கிடையாது, செக்கிங் வந்தால் யாரோ ஒரு அந்நிய ஆள் குடிசைக்குள் இருந்ததாக ஆகும். இல்லாவிட்டால் குடிசையையே திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கெட்டிக்காரத்தனம் அந்தக் குடும்பத்தின் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. டெபுடி சாரே வழியும் சொன்னார். வீட்டின் இன்றைய நிலை என்ன என்று புது அறிக்கை வேண்டும். கார்டு மனைவி பெயரில் இருப்பதால் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை தானே வந்து விசாரிப்பதாகச் சொன்னார்.

அன்று சாயந்திரம் யோகேஸ்வரி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "வீடு நிக்குதாம் அம்மா. ரெண்டு ஓடுதான் கழண்டதாம். வீட்டையும் மாட்டையும் மாமாவிட்டைப் பாக்கச் சொல்லிக் குடுத்திட்டு வந்தவராம்" என்றாள். சிவநேசன் தலையாட்டினார். நான் கிளம்பியதும் ரோடு வரைக்கும் கூடவே வந்தார்.

"அம்மா, அவவும் பிள்ளையளும் வெளிக்கிட்டு எட்டாம் நாள் செல் குண்டு விழுந்தது. நான் மாட்டுக்குப் புல்லு வெட்ட வளவு வேலிக் கோடியில நிண்டபடியால் தப்பினனான். வீடும் இல்லை, மாடும் இல்லை. இருந்த இடத்தில கிடங்குதான், பெரிய பள்ளம். அது அவவுக்குத் தாய் சீதனமாக் குடுத்த வீடு. அவவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ."

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அவள் என் பேனாவைப் பிடித்துக்கொண்ட அன்றே அந்த வீடு இல்லை. இல்லாத வீட்டை, சேதமில்லாத வீடு என்று சீல் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டோம். ஒரு பக்கம் டெபுடி சாரும் நானும். எதிரில் சிவநேசன். அவருக்குப் பின்னால் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு யோகேஸ்வரி. சாட்சிக்கு மாதையன்.

"சொல்லுப்பா. வீடு இப்ப எப்படி இருக்கு? முழுசா, பகுதியா?"

சிவநேசன் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

"பகுதி ஐயா."

"எந்தப் பகுதி? கூரையா, சுவரா?"

"கூரை... கொஞ்சம்."

"சுவர் எத்தனை நிக்குது?"

"நாலு. இல்லை, மூண்டு ஐயா."

"விழுந்தது எந்தச் சுவர்? கிழக்கா மேற்கா?"

"மேற்கு."

"மேற்குலதானே வாசல்னு பழைய படிவத்துல இருக்கு? அப்ப வாசக்காலு?"

"வாசல்... அதுவும் விழுந்திட்டுது."

"வாசல் விழுந்துடுச்சுன்னா நீ வீட்டுக்குள்ள போறது வர்றது எப்படி?"

சிவநேசனுக்கு வியர்த்துக் கொட்டியது. பாவம், இல்லாத வீட்டின் சுவரை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு வந்தார். எத்தனை இடித்தாலும் டெபுடி சார் அடுத்த சுவருக்கு வந்தார். மாதையன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பி நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"விடுங்கோ ஐயா அவரை" என்றாள் யோகேஸ்வரி.

குழந்தையை இறக்கிவிட்டு மேஜைக்கு வந்தாள். "எழுதுங்கோ அம்மா. முழுச் சேதம்."

"யோகு, அது அப்பிடியில்லை..." என்று சிவநேசன் எழுந்தார்.

"பொய் சொல்ல உங்களுக்குத் தெரியாது. பேசாம இருங்கோ" என்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "ஆள் வந்திட்டார்தானே அம்மா. இனி வீடு நிண்டா என்ன, விழுந்தா என்ன?"

டெபுடி சார் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சேதத்தின் அளவு என்ற கட்டத்தை மட்டும் நிரப்பி, மற்றக் கட்டங்களை அப்படியே விட்டுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அவர் காலிக் கட்டங்களோடு ஒரு படிவத்தைக் கையெழுத்துக்குக் கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அந்த ஏரிப் பக்கத்தில் குடிசைகள் இல்லை. கான்கிரீட் வீடுகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் சரியான படிவம், சரியான கட்டங்கள் எல்லாம் உண்டு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதிரில் நிற்பவர் வாயால் வராத சொல்லை அவசரப்பட்டு உங்கள் பேனாவால் எழுதிவிடாதீர்கள். அவராகச் சொல்லும் நாள் வரும் வரைக்கும் வேறு ஏதாவது ஓர் உண்மையை எழுதி அவருக்கு ஒரு கூரையைக் கொடுங்கள். தேடினால் கிடைக்கும்.

அன்று வேப்பமரத்தடியில் யோகேஸ்வரி என் பேனாவை வாங்கி, முழுச் சேதம் என்ற வார்த்தைக்குக் கீழே பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எரிந்த வீடு, இடிந்த வீடு, வெள்ளத்தில் போன வீடு என்று எத்தனையோ பேரிடம் அந்தக் கையெழுத்தை வாங்கியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போட்டவள் அவள் ஒருத்திதான்.